லயத்திற்கு மலசலகூடம் வந்த வரலாறு

மலரொன்றில் எழுதுவதற்கு இதுவும் ஒரு பொருளா என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சோழரின் கடற்படையைப் பற்றி எழுதினால் படிப்போர் நெஞ்சு நிமிரும். கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண்ணெடுத்த கதையை எழுதினால் கேட்கச் சுவையாக இருக்கும். ஆயினும் திம்புள்ளையில் வாழும் நம்முடைய பாட்டன் பூட்டன்மார் கடற்படையில் சென்றவர்களல்லர். அவர்கள் லயத்திலே வாழ்ந்து, அவர்களுட் பலர் வயிற்றுளைவினாலும் இரத்தச் சோகையினாலும் அந்த லயத்திலேயே மாண்டவர்கள். அவர்களுடைய லயத்திற்கு மலசலகூடம் எப்போது வந்தது, ஏன் அவ்வளவு பிந்தி வந்தது என்று ஆராயப் புகுந்தால், மலைநாட்டின் நூறாண்டு வரலாறு அதற்குள்ளே கிடப்பதைக் காணலாம். நாகரிகம் கருதி மறைத்துப் பேசாமல் பெயர் சொல்லியே எழுதுகிறேன். வாசக அன்பர்கள் பொறுத்தருள்க.

கோப்பிக் காலத்தில் நம்மவர் பெரும்பாலும் வந்து போகும் கூட்டமாகவே இருந்தனர். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கால்நடையாக வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையிலே துருநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து மலைகளெல்லாம் தேயிலையாயின. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்து சேர்ந்தது. தேயிலை கோப்பியைப் போன்றதன்று. அதற்குப் பருவமென்பது இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே வந்த குடும்பங்கள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு குடும்பம். அத்தகைய அறைகள் பத்துப் பன்னிரண்டு ஒரே வரிசையில், பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையில். இதுவே லயம். ஓரிடத்தில் நூறு பேர் வாழ்வதற்குக் கட்டிய அந்தக் கட்டடத்தில் அந்த நூறு பேரும் காலையில் எங்கே போவது என்பதை மாத்திரம் ஒருவரும் யோசிக்கவில்லை. தேயிலைச் செடிக்கு இடையிலும், ஓடைக் கரையிலும், லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவிலும் போனார்கள். மழை பெய்தது. சரிவில் இருந்ததெல்லாம் கீழே பீலிக்கு வந்தது.

ஊரிலும் அவர்கள் வெளியிலேதானே போனார்கள் என்று கேட்கலாம். உண்மையே. துரைமார் பலகாலம் சொல்லி வந்த நியாயமும் இதுதான். ஆனால் அந்த ஊர் எத்தகையது? கருவேலங்காடும் கொல்லையும் பரந்து கிடக்கும் சமவெளி. மழை சில மாதம். வெயில் பல மாதம். அந்த வெயிலில் மலம் காய்ந்து பொடியாகும். அதிலுள்ள கிருமியும் பெரும்பாலும் கருகும். பழைய சாத்திரங்களும் இத்தகைய நிலத்தை எண்ணியே விதி செய்தன. வழியிலும், நீர்நிலையிலும், உழுத நிலத்திலும் ஆகாது என்பது மனுநூல். நான் படித்த மிஷன் பாடசாலையில் உபாகமத்தில் இதைப் போன்றதொரு விதியைக் காட்டினார்கள்: பாளையத்துக்கு வெளியே போய், கோலால் மண்ணைத் தோண்டி, மூடிவிட்டு வர வேண்டுமென்று மோசே இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்டார். இரண்டு விதிகளும் தூரப் போவதற்கு இடம் உண்டு என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. லயத்தில் அந்த இடம் எங்கே? சுற்றிலும் தோட்டத்துக்குச் சொந்தமான தேயிலை. அதற்குள்ளே காலையில் ஒதுங்கிய அதே மண்ணில் ஏழு மணிக்குக் கூடையோடு வெறுங்காலில் நிற்க வேண்டும். பழக்கம் பழைய பழக்கம்தான். நிலமும் நெருக்கமும் மாறிவிட்டன.

வெறுங்காலைப் பற்றிச் சொன்னேன். கொழுக்கிப் புழுவின் கதை அங்கேதான் இருக்கிறது. அரை அங்குலத்துக்கு மேற்படாத இந்தப் புழு மனிதனின் சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடித்து வாழ்வது. பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை மலத்தோடு வெளிவந்து, ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் விழுந்தால், ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்களாகி மண்ணின் மேற்பரப்பில் காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்த இடத்தில் அரிப்பும் புண்ணும் உண்டாகும். சேற்றுப் புண் என்று நாம் அலட்சியம் செய்வதில் ஒரு பகுதி இதுதான். பின்னர் இரத்தத்தோடு சென்று நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு இறங்கும். ஒரு புழு குடிப்பது ஒரு துளி, இரு துளி. நூற்றுக்கணக்கில் இருந்தால் கணக்கிட்டுப் பாருங்கள். முகம் வெளிறும், கால் வீங்கும், மேடேற மூச்சு வாங்கும், பிள்ளைக்குப் பாடம் ஏறாது, கர்ப்பிணிக்குப் பேறு ஆபத்தாகும். இத்தகையவனைக் கங்காணி சோம்பேறி என்றான். துரையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

திம்புள்ளையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்தைந்நூறு அடிக்கு மேற்பட்ட நம் குளிர் கொழுக்கிப் புழுவுக்கு அவ்வளவு பிடித்ததன்று. மாத்தளை போன்ற இளஞ்சூட்டுப் பகுதிகளில் அது செழிப்பதைப் போல் அக்கரப்பத்தனையின் உச்சியில் செழிப்பதில்லை. ஆனால் வட்டப்புழுவுக்குக் குளிர் பெரிய தடையன்று. வயிற்றுளைவுக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் தடையே இல்லை. அவற்றுக்கு வேண்டியது அசுத்தமான நீர் ஒன்றுதான். அது நமக்குக் குறைவின்றிக் கிடைத்தது.

இந்தப் புழுவை உலகம் அறிந்துகொண்ட விதம் விசித்திரமானது. சுவிற்சர்லாந்தில் சென் கொத்தார்ட் மலையைக் குடைந்து புகைவண்டிச் சுரங்கம் அமைத்தபோது, அங்கே வேலை செய்த இத்தாலியத் தொழிலாளர் வெளிறி வெளிறி விழுந்தனர். 1880ஆம் ஆண்டில் அந்நோய்க்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார்கள். வாய்வழியாகத்தான் போகிறது என்று எல்லாரும் எண்ணியிருக்க, கெய்ரோவில் ஆராய்ச்சி செய்த லூஸ் என்ற அறிஞரின் கையில் 1898இல் புழுநீர் தவறிச் சிந்தியது. கை சிவந்து எரிந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தோன்றின. புழு தோலைத் துளைத்துப் போகிறது என்பது இவ்வாறே வெளியாயிற்று. அடுத்த ஆண்டு போட்டோ ரிக்கோத் தீவில் கோப்பித் தோட்டத் தொழிலாளரை வாட்டிய சோகைக்கும் இப்புழுவே காரணமென்று அஷ்போர்ட் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் காட்டினார். சுரங்கம், கோப்பித் தோட்டம், பின்னர் தேயிலைத் தோட்டம்! கூலிக்கு ஆளைச் சேர்த்து நெருக்கமாகக் குடிவைத்து, கழிப்பிடம் வைக்காத இடமெல்லாம் இப்புழு தேடி வந்திருக்கிறது.

1909இல் எண்ணெய்ச் செல்வரான றொக்பெல்லர், அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து இப்புழுவை ஒழிக்கப் பத்து இலட்சம் டொலர் கொடுத்தார். 1913இல் அவருடைய தாபனம் அந்த வேலையை உலகின் பிற பகுதிகளுக்கும் விரித்தது. கிழக்கு நாடுகளுக்குப் பொறுப்பாயிருந்த விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்து, அரசாங்கத்துடனும் தோட்டத் துரைமாருடனும் பேசினார். 1916ஆம் ஆண்டில் டாக்டர் ஸ்னோட்கிராஸ் என்னும் அமெரிக்கரின் தலைமையில் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. சோதித்த தொழிலாளருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோரிடம் புழு இருந்தது.

துரைமார் இவ்வியக்கத்தை வரவேற்றதில் வியப்பில்லை. செக்ரோலில் பெயர் விழாத நாள் ஒவ்வொன்றும் தோட்டத்துக்கு நட்டம். சோகை தீர்ந்தால் வேலை கூடும் என்பது இயக்கத்தார் காட்டிய ஆசை. அந்த ஆசை பலித்தது. ஆனால் மருந்து எளிதாயிருக்கவில்லை. முதல்நாள் மாலை பேதியுப்பு. மறுநாட் காலை வெறும் வயிற்றில் தைமோல், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் தைமோல். அதன் பிறகு மீண்டும் பேதியுப்பு. தைமோல் வேறொன்றுமில்லை, நம் வீட்டு ஓமத்திலுள்ள சத்துத்தான். இந்தியாவில் விளைந்த ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே மருந்தாகித் திரும்பும். 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது, விலை ஏறிற்று. அதனால் செனொப்போடியம் என்ற எண்ணெய் வழக்குக்கு வந்தது. அளவு தப்பினால் அது விஷம். பெரட்டுக்குக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி விழுங்கச் செய்த இம்மருந்துக்கு நம் முன்னோர் அஞ்சியிருந்தால் அதை அறியாமை என்று நாம் சொல்லலாகாது.

மருந்தால் புழு விழுந்தது. முகத்தில் இரத்தம் வந்தது. ஆனால் மருந்து குடித்தவன் மறுநாள் எங்கே போனான்? அதே தேயிலைச் செடிக்குத்தான். அதே மண்ணில் வெறுங்காலோடு நின்றான். சில ஆண்டுகளுக்குள் புழு மீண்டும் குடலில் ஏறியது. இயக்கத்தாருக்கு இது தெரியாததன்று. மருந்து பாதி வேலை. மலங்கழிக்க இடம் கட்டுவது மற்றப் பாதி என்பது அமெரிக்காவிலேயே அவர்கள் கற்ற பாடம். ஆகவே தோட்டங்கள் கக்கூசு கட்ட வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். இங்கேதான் துரைமாரின் உற்சாகம் குன்றியது. மருந்துக்குச் செலவு சிறிது. பலன் உடனே செக்ரோலில் தெரியும். கக்கூசுக்குச் செலவு பெரிது. ஒருமுறை கட்டினால் போதாது, நாளும் துப்புரவு செய்ய ஆளும் வேண்டும். அப்போது முன்வைக்கப்பட்ட நியாயம்தான் 'கட்டினாலும் இவர்கள் போகமாட்டார்கள்' என்பது.

அந்த நியாயத்தைச் சற்று நின்று பார்ப்போம். அதில் பொய் மாத்திரம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. கட்டிய கக்கூசுகளுட் பல வெறுமையாகக் கிடந்தது உண்மை. ஏன் கிடந்தன? லயத்தின் கோடியிலோ அதற்கும் அப்பாலோ, சறுக்கும் சரிவில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக, தண்ணீர் இல்லாமல், விளக்கு இல்லாமல், துப்புரவு செய்ய ஒருவர் வராத நாளில் உள்ளே காலெடுத்து வைக்க முடியாத நிலையில் இருந்தன. அத்தகைய இடத்தை விட்டுத் திறந்த வெளிக்குப் போகிறவனைப் பழக்கத்துக்கு அடிமை என்பது சரியா? துரையின் பங்களாவில் குளியலறையோடு சேர்ந்த கழிப்பறை இருந்தது. பழக்கம் அவருக்கு வந்தது அவ்வழியால்தான்.

சட்டமும் இல்லாமற் போகவில்லை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்காக 1872ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. 1912இல் இரண்டு சட்டங்கள் புதிதாய் வந்தன. ஒன்று தோட்ட வைத்தியத்துக்கானது. மற்றது தொழிலாளரிடையே உண்டாகும் நோய்களைப் பற்றியது. இரண்டாவது சட்டத்தின்படி லயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது துரையின் கடமை. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுப்பதும் அவர் கடமை. அதாவது இயக்கம் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கடமை எழுத்தில் இருந்தது. அதைச் செய்யும்படி கேட்பதற்குத்தான் ஆளில்லை. பார்வையிட வரும் வைத்திய உத்தியோகத்தர் பங்களாவில் தேநீர் அருந்திவிட்டுப் போகும் விருந்தாளி. தொழிலாளியோ, கங்காணிக்குப் பட்ட கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதவன். கடன் தீர்ந்ததற்குத் துண்டு வேண்டும். நல்ல லயமும் நல்ல தண்ணீரும் உள்ள தோட்டத்துக்கு ஆள் போய்விடுவான் என்ற அச்சம் இருந்திருந்தால், போட்டிக்காகவாவது கக்கூசு கட்டியிருப்பார்கள். அந்த அச்சத்துக்கு இடமில்லாமல் துண்டு பார்த்துக்கொண்டது.

1921இல் துண்டு ஒழிந்தது. வேலையை விட்டவனைச் சிறையிலிடும் சட்டமும் அவ்வாண்டில் நீங்கியது. அதற்காகச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் செய்த முயற்சியை நாம் மறக்கலாகாது. 1922இல் இந்திய அரசாங்கம் புதிய குடியகல்வுச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு முதல் அதன் பிரதிநிதி ஒருவர் கண்டியில் இருந்து தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். நிலைமை சரியில்லையென்றால் ஆள் வருவதை இந்தியா நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் துரைமார் சங்கத்துக்கு வந்தது. 1920களிலும் 1930களிலும் லயங்களுக்குக் கக்கூசுகள் மெல்ல மெல்ல வந்ததற்கு, புழுவைப் பற்றிய அறிவைக் காட்டிலும் இந்த அச்சமே பெரிய காரணம் என்பது என் துணிபு. அறிவு 1916இலேயே வந்துவிட்டது அல்லவா?

இதற்கிடையில் நாட்டின் மறுபக்கத்தில் வேறொரு காரியம் நடந்தது. தோட்டத்தில் மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று கண்ட றொக்பெல்லர் தாபனத்தார், அரசாங்கத்துடன் சேர்ந்து 1926இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பகுதியைத் தொடங்கினார்கள். ஒரு வைத்திய அதிகாரி. அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகர்கள், தாதிகள், மருத்துவிச்சிகள். இவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்காகக் காத்திராமல் வீடு வீடாகப் போனார்கள். கிணறு, பிரசவம், அம்மைப்பால், கக்கூசு எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்த்தார்கள். குழி வெட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்து, அந்தந்த வீட்டுக்காரரே தம் வளவில் கட்டும்படி செய்தார்கள். பின்னர் வளைந்த குழாயில் சிறிது நீர் நின்று நாற்றத்தையும் ஈயையும் தடுக்கும் நீரடைப்புக் கக்கூசும் வந்தது. களுத்துறையைப் பார்த்து இத்தகைய பகுதிகள் பல இடங்களில் எழுந்தன. இலங்கைக் கிராமங்கள் அயல்நாடுகளைக் காட்டிலும் முன்னதாகத் திறந்தவெளிப் பழக்கத்தை விட்டதற்கு அடித்தளம் இங்கே இடப்பட்டது.

கிராமத்தானுக்கு வளவு இருந்தது. அதில் குழி வெட்ட ஒருவர் அனுமதியும் வேண்டியதில்லை. தோட்டத்தானுக்கு லயத்து அறை மாத்திரம், அதுவும் வேலையோடு கட்டுண்டது. பின்புறத்தில் தன் செலவில் ஒரு குழி வெட்ட விரும்பினாலும் துரையைக் கேட்க வேண்டும். கிராமச் சங்கங்கள் தோட்டத்தைத் தொடவில்லை. அது தனியார் நிலம் என்றன. இந்நிலையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. அதைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. இவற்றை அரசியல் என்று ஒதுக்கிவிட்டுக் கக்கூசைப் பற்றி மாத்திரம் பேச முடியாது. வாக்கில்லாதவன் வீட்டுக்குப் பரிசோதகரை அனுப்ப வேண்டுமென்று எந்தச் சபையில் யார் கேட்பார்? கிராமத்தில் சுகாதாரம் உரிமையாக வளர்ந்தது. தோட்டத்தில் அது துரையின் தயவாகவே நின்றது.

தயவு எப்படியிருந்தது என்பதை எங்கள் அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் மருமகளாக வந்த லயத்தில் கோடியில் இரண்டு கக்கூசுகள், ஒன்றுக்குக் கதவில்லை. ஆண்கள் அதைப் பயன்படுத்தினார்கள். பெண்கள் விடியற்காலம் நான்கு மணிக்குத் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு தேயிலைக்குப் போவார்கள். அல்லது இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. மலையில் வேலை செய்யும் நேரத்தில் வயிறு கேட்டுவிடுமென்று பகலில் தண்ணீர் குடிக்காமலே கொழுந்தெடுத்த பெண்கள் உண்டு என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுகாதார அறிக்கைகள் புழுவை எண்ணின, முட்டையை எண்ணின, இறப்பை எண்ணின. அடக்கிக்கொண்டிருந்த மணித்தியாலங்களை எண்ணுவதற்கு ஒரு பத்தி வைக்கவில்லை.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1980களில் நெதர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளின் உதவியோடு மலசலகூடங்களும் நீர்க்குழாய்களும் பிள்ளைக்காம்பராக்களும் பெருந்தொகையில் கட்டப்பட்டன. அந்த ஆண்டுகளில் நடந்த வேலையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. 1994 முதல் தோட்டப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து ஒழுங்காகக் கொடுக்கும் திட்டமும் நடந்தது. பத்தாண்டுக்கு மேல் மருந்து கொடுத்த பின், 2009இல் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேரிடம் இன்னும் புழு இருந்தது, மிகுதியும் வட்டப்புழு. மருந்தோ ஸ்னோட்கிராசின் காலத்ததைவிட நூறு மடங்கு நல்லது. ஒரே ஒரு குளிசை, பேதியுப்பு வேண்டாம். ஆயினும் மாத்தளையில் 1916இல் நடந்த கதைதான் மறுபடியும் நடந்தது. மண் மாறாதவரை குடல் மாறாது.

மண் மாறுவதற்குத் தடை நம் நிலத்திலும் இருக்கிறது. திம்புள்ளையில் சரிவு செங்குத்து. பல இடங்களில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே பாறை. மேல் லயத்தின் குழி நிரம்பி வழிந்தால் கீழ் லயத்தின் பீலியில் தெரியும். அங்கிருந்து ஓடைக்கும் கொத்மலை ஓயாவுக்கும் போகும். எனவே வீட்டுக்கொரு மலசலகூடம் என்று எண்ணிக்கை காட்டினால் போதாது. குழி எங்கே, ஊற்று எங்கே, நிரம்பினால் அள்ளுவது யார் என்ற கேள்விகளுக்கும் விடை வேண்டும். இந்திய அரசின் உதவியோடு ஏழு பேர்ச் காணியில் எழுந்த தனி வீடுகளில் தனி மலசலகூடம் இருக்கிறது. அவ்வீடுகளில் வாழும் நண்பர்கள் முதலில் சொல்வது சமையலறையைப் பற்றியன்று, இதைப் பற்றியே. லயத்தில் இருப்போர் இன்னும் ஏராளம்.

இந்தியாவின் அண்மைக்கால அனுபவமும் நமக்குப் பயன்படும். 2014ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று தொடங்கிய தூய்மை இயக்கத்தில் ஐந்தாண்டுகளில் கோடிக்கணக்கான கழிப்பறைகள் கட்டப்பட்டன. 2019இல் அதே நாளில் கிராமங்கள் திறந்தவெளிப் பழக்கத்திலிருந்து விடுபட்டனவென்று அறிவித்தார்கள். கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கியவர்களும் உண்டு. அதைக் கண்டு 'பழக்கம், பழக்கம்' என்று அங்கேயும் பேசினார்கள். சில ஊர்களில் குழி நிரம்பினால் யார் கையால் அள்ளுவது என்ற சாதிக் கேள்விதான் கதவைப் பூட்டியது. நம் தோட்டங்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதற்கு இடங்கொடாமல் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. களுத்துறைக் கிராமத்தானுக்கு 1926இல் திறந்த கதவு நமக்குத் திறக்கத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன. அதே 2018இல்தான் அக்கரப்பத்தனைக்கும் கொட்டகலைக்கும் தனிப் பிரதேச சபைகள் இயங்கத் தொடங்கின. இனிமேல் நம் வாலிபர்கள் சபைக்குப் போய் வீதி விளக்குக் கேட்பதைப் போலவே, மலக்குழி அள்ளும் வண்டியையும், ஊற்றுக்கு மேலே குழி இல்லாதபடி பார்க்கும் பரிசோதகரையும் பெயர் குறித்துக் கேட்கலாம். தோட்டம் தனியார் நிலம் என்ற பழைய விடை இனிச் செல்லாது.

கடைசியாக ஒரு விடயம். கக்கூசு வந்த நாள் முதல் அதைக் கழுவியவர் ஒருவர் இருந்தார். வாசற்கூட்டி என்று அவரை அழைத்தார்கள். பெயர் சொல்லி அழைத்தவர் சிலரே. அந்த வேலைக்கு ஒரே சாதியாரைத் தேடி நிறுத்தினார்கள். தோட்டம் செய்த அந்த ஏற்பாட்டை நம்மவரும் மனமுவந்து காத்தோம். அவர் குடும்பத்துக்கு லயத்தின் கடைசிக் காம்பரா. திருவிழாவில் கடைசி இடம். கொழுக்கிப் புழு ஒழிந்ததென்றால் அதில் ஸ்னோட்கிராசுக்கு ஒரு பங்கு உண்டு. வாளியும் துடைப்பமுமாகக் கையுறை இல்லாமல் நாளும் இறங்கியவருக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. அவர்களை அறிந்த பெரியோர் திம்புள்ளையில் இன்றும் இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், ஓராளுக்கு எத்தனை லயம், நாட்சம்பளம் என்ன, எந்த ஆண்டில் அவ்வேலை நின்றது என்பவற்றை எழுதியோ, எழுத இயலாதோர் வாலிபர் ஒருவரிடம் சொல்லியோ சங்கத்துக்குத் தந்துதவினால், அவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் அவர்களுடைய பெயர்களோடு வெளியிடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்வேன்.